இடைத்தேர்தலில் ஓட்டு பாதியானது எதனால்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் 1920களில் நடந்த சட்டசபை இடைத்தேர்தல் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, பொதுத்தேர்தலைவிட ஓட்டு பாதிக்கும் கீழே இறங்கியதால் மக்களுக்கு அக்கறை போய்விட்டது என்கிறது. எண்கள் இருக்கட்டும், முடிவுதான் இடிக்கிறது.

1919 இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சென்னை சட்டசபையில் நாட்டுப்புறப் பொதுத்தொகுதி என்பது பெரும்பாலும் ஒரு மாவட்டம் முழுவதும். ஒரே தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். எத்தனை இடமோ அத்தனை ஓட்டு ஒருவருக்கு. மூன்று இடமிருந்து 3,000 பேர் வந்தால், பதிவான ஓட்டு 9,000 வரை போகும். இடையில் ஓர் இடம் காலியாகி அதே 3,000 பேர் வந்தாலும் ஓட்டு 3,000தான். ஓட்டை ஓட்டோடு ஒப்பிடாமல், வந்த ஆட்களை வாக்காளர் பட்டியலில் உள்ள ஆட்களோடு ஒப்பிட வேண்டும்.

அந்தப் பட்டியலும் ஊர் சனத்தொகை அல்ல. கிராமத்தில் ஆண்டுக்கு 10 ரூபாய் வாடகை மதிப்புள்ள பட்டா நிலமாவது வேண்டும். இல்லையேல் வருமான வரி கட்டுபவராகவோ, ஓய்வுபெற்ற படைவீரராகவோ இருக்க வேண்டும். 1920 தேர்தலில் பெண்களுக்கு ஓட்டில்லை. 1921இல் சட்டசபைத் தீர்மானம்தான் அந்தத் தடையை நீக்கியது. நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர் பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் பர்மாவிலோ மலேயாவிலோ இருப்பார்.

கோனாபட்டு, இராயவரம் ஆகியவற்றையும் கட்டுரை கணக்கில் சேர்த்திருக்கிறது. அவை அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம். தொகுதி எல்லைக்குள்ளேயே வராது. சமஸ்தானத்துக்கு 1924 முதல் தனிச் சட்டசபை இருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கென ஒதுக்கிய இடமும் வேறு. அதற்குச் சங்க உறுப்பினர்களே வாக்காளர்கள் என்பதால், அந்தச் சின்ன எண்ணைப் பொதுத்தொகுதியோடு ஒரே அட்டவணையில் போட்டது பொருந்தாது. காங்கிரசின் மஞ்சள் நிற ஓட்டுப்பெட்டி 1937 தேர்தலுக்கு உரியது. அதை 1920களுக்கு இழுத்திருக்க வேண்டாம்.

அட்டவணையைத் திருத்தி வெளியிடுவதானால் காலியான இடம், பட்டியலில் உள்ளோர், வந்தோர் என மூன்று பத்திகள் வையுங்கள். எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் அக்கால அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டுகளைப் பார்க்கலாம். உள்ளூர்ப் பேச்சு என்னவென்று அறிய, காரைக்குடியிலிருந்து வந்த ‘ஊழியன்’, ‘குமரன்’ பழைய இதழ்களைப் புரட்டுவது நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி