‘குளிர் மரபணு’ என்று ஒன்று இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் தாங்கும் மக்காச்சோளம் பற்றிய செய்திகளில் ‘குளிர் மரபணு’ என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று எண்ணவைக்கும் அந்த ஒருமைதான் சிக்கல்.

மெக்சிகோவின் வெப்பப் பகுதியில் பிறந்த பயிர் இது. மண் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் முளைப்பு ஏறக்குறைய நின்றுவிடும். 10 முதல் 15 டிகிரிக்குள் செடி உடனே சாகாது. வெளிறித் தேங்கி நிற்கும். உறைபனி வேறு சங்கதி. ஐந்தாறு இலை விடும்வரை வளர்நுனி மண்ணுக்குள் இருப்பதால், இலை கருகிய செடியும் மறுபடி துளிர்க்கும். அதைக் குளிர் தாங்கும் ரகம் என்று சொல்லிவிடக் கூடாது.

விதை ஈரம் உறிஞ்சும் முதல் ஓரிரு நாளில் குளிர் தாக்கினால் செல் சவ்வுகள் பழுதாகிச் சர்க்கரை வெளியே கசியும். அதைத் தேடிப் பித்தியம் கிருமி வந்து விதையை அழுக வைக்கும். இந்தக் கட்டத்தில் விதையுறைக்குப் பெரும் பங்கு உண்டு. அது தாய்ச் செடியின் திசு. ஆகவே ஒரே இரு பெற்றோரை எடுத்துக்கொண்டாலும், எது தாய் என்பதைப் பொறுத்து முளைப்பு மாறலாம்.

மூன்றாம் இலை வாக்கில் விதையின் கையிருப்பு தீர்கிறது. இனிச் செடியே சமைத்துச் சாப்பிட வேண்டும். குளிரில் விரியும் இலையில், ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணறைகளான பசுங்கணிகங்கள் முழுமையாக உருவாவதில்லை. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய பிபிடிகே நொதி, சுமார் 12 டிகிரிக்குக் கீழே நான்கு துணை அலகுகளால் ஆன தன் அமைப்பு குலைந்து செயலிழக்கும். குளிர்ந்த இரவுக்குப் பின் சுள்ளென்ற வெயில் அடித்தால் சேதம் இன்னும் கூடும். குளிரிலும் இலை நன்றாக ஒளிச்சேர்க்கை செய்ய உதவும், பெரிய விளைவுள்ள பகுதி ஒன்று 6ஆம் குரோமோசோமில், ஒரு கலப்பில் பிடிபட்டது உண்மை. ஆனால் ஒரு கலப்பில் பெரிதாகத் தெரிவது இன்னொன்றில் காணாமல் போகும். மற்றவை பெரும்பாலும் சிறு விளைவுள்ள பல பகுதிகள். முளைப்புக்கு உதவுவது இலைக்கு உதவ வேண்டும் என்பதில்லை. ஐரோப்பாவில் ஃபிளின்ட் (கடின மணி) மக்காச்சோள வகையின் இளமை வேகத்தை டென்ட் (குழிமணி) வகையின் விளைச்சலோடு சேர்த்ததும் பல மரபணுக்களை ஒன்றாகக் கொண்டுவந்த வேலைதான்.

சோதனையையும் இரண்டாகவே செய்ய வேண்டும். முளைப்புக்கு: வயல் மண்ணில் விதைத்து 10 டிகிரியில் 7 நாள், பிறகு 25 டிகிரியில் வைத்து எண்ணுங்கள். எல்லா விதையும் ஒரே பருவத்தில், ஒரே இடத்தில் விளைந்ததாக இருக்கட்டும்; இல்லையேல் அளப்பது விதையின் வயதைத்தான். இலைக்கு: 15 டிகிரியிலேயே மூன்றாம் இலையை விரியவிட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைத்துப் பச்சைய ஒளிர்வை (ஒளி பட்டதும் பச்சையம் திரும்ப உமிழும் மெல்லிய ஒளியை) அளக்க வேண்டும். ஒளிச்சேர்க்கைத் திறனைக் காட்டும் அதன் விகிதம் (Fv/Fm) நலமான இலையில் 0.8 அளவில் இருக்கும். மங்கலான விளக்கடியில் வளர்த்தால் எல்லா ரகமும் தேறிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். வீரிய ஒட்டு ரகத்தை இன்னொரு வீரிய ஒட்டு ரகத்தோடுதான் ஒப்பிட வேண்டும், அதன் பெற்றோரான தூய வரிசையோடு அல்ல.

குளிரில் இலை ஊதாவாவதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்த நிறமியை உண்டாக்கும் மரபணுக்கள் இல்லாத ரகம், குளிரில் வாடினாலும் பச்சையாகவே இருக்கும்.

இப்படிக்கு,
பயிர் மரபியல் துறையினர் சிலர்