நெஞ்சு வலி வரும்முன் அந்த மாத்திரையைக் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர், பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே. நோயாளியின் முகத்தைப் பார்த்து மருத்துவர் தெரிந்துகொள்வதை, மருந்து ஜன்னலுக்கு உள்ளே நிற்பவன் அவர் கொண்டுவரும் சீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வான். அப்படித் தெரிந்த ஒரு விஷயத்தைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், கொடுக்க வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, இதுவும் ஒரு அறிவிப்போடு முடிந்துபோகும் என்று நினைத்தவர்கள் உண்டு. அப்படி ஆகவில்லை. தன்னார்வலப் பெண்கள் இன்றும் பிரஷர் கருவியோடும் சர்க்கரை பார்க்கும் கருவியோடும் வாசலுக்கு வருகிறார்கள், மாத்திரை தருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வந்தது. தொற்றா நோய்களைப் பற்றி 2020இல் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அந்த நிலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது சாதாரணக் காரியம் அல்ல.

அடுத்து, 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம். நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் உடனே 14 மாத்திரைகள் கொடுத்துவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரெல் நான்கு, அதோடு அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. மிக நல்ல ஏற்பாடு. என் கேள்வி அந்த எட்டைப் பற்றியது.

அட்டோர்வாஸ்டாட்டின், ஊர் வழக்கில் ‘கொழுப்பு மாத்திரை’. இதயக் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து மாரடைப்பு வந்த நாளில் 10 மில்லிகிராம் மாத்திரை எட்டைச் சேர்த்துக் கொடுக்கிறோம். அதே 10 மில்லிகிராமைத் தினம் ஒன்றாக முன்பே கொடுத்திருந்தால் அந்த நாள் வராமலே போக வாய்ப்பு உண்டு. இது என் யூகம் அல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ‘கார்ட்ஸ்’ ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. இதய நோய் இல்லாத, 40 முதல் 75 வயது வரையிலான சர்க்கரை நோயாளிகள் 2,838 பேரில் ஒரு பாதிக்கு இதே மாத்திரை இதே அளவில் தரப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 விழுக்காடு குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், குறித்த காலத்துக்குச் சுமார் இரண்டு ஆண்டுகள் முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த மருந்துக் குடும்பம்) தர வேண்டும் என்று இதய நோய்த் தடுப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஹார்ட்ஸ்’ வழிகாட்டியும் சொல்கிறது.

இனி என் தெருவுக்கு வாருங்கள். நான்கு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். களைவெட்டுக்குப் போகிறவர், நூறு நாள் வேலைக்கும் போவார். உடம்பில் சதை என்று எதுவும் கிடையாது. ஆனால் சேலைக்கட்டுக்கு மேல் வயிறு மட்டும் உருண்டு நிற்கும். ஒரு நாள் மஞ்சள் பையைத் திண்ணையில் கவிழ்த்து, “எதை எப்போது போட வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிடு தம்பி” என்றார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அட்டைகள், பிரஷருக்கு அம்லோடிபின் அட்டைகள், வைட்டமின் மாத்திரை கொஞ்சம், எப்போதோ வாங்கிய வலி மாத்திரை. அம்லோடிபினைத் தலை சுற்றுகிற நாளில் மட்டும் போடுகிறார் என்பது பேச்சில் தெரிந்தது. தினமும் போட்டால் கிட்னி போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். (பிரஷரைக் கட்டுக்குள் வைக்காவிட்டால்தான் கிட்னி போகும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!) கொழுப்பு மாத்திரை அந்தப் பையில் இல்லை. எழுதித் தரவில்லையா என்று கேட்டேன். “எனக்கு ஏது கொழுப்பு, எலும்பும் தோலுமாக இருக்கிறேன்” என்று சிரித்தார்.

அவர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. நாமே அப்படி நினைக்கிறோமோ என்பதுதான் என் கவலை. தெற்காசிய உடல்வாகில் எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவில் நமக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறி, நல்ல கொழுப்பு இறங்கி, கெட்ட கொழுப்பின் அளவு மட்டும் தாளில் அப்படி ஒன்றும் மோசமில்லாமல் தெரியும். ஆனால் அதன் துகள்கள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். தமனியின் உட்சுவரில் எளிதாகப் புகுந்து படிபவை அவைதான். சர்க்கரையும் பீடியும் சேர்ந்துகொண்டால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

வறுமை இதில் எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 17 நாடுகளில் நடந்த ‘ப்யூர்’ ஆய்வு 2014இல் சொன்னது இது: பணக்கார நாடுகளில் மாரடைப்புக்கான காரணிகள் அதிகம், சாவு குறைவு, ஏழை நாடுகளில் காரணிகள் குறைவு, சாவு அதிகம். அதே குழு 2011இல் வெளியிட்ட இன்னொரு முடிவு என்னைப் போன்ற மருந்தாளுநரை உறுத்தும். குறைந்த வருமான நாடுகளில் ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களிலேயே ஸ்டாட்டின் எடுத்தவர்கள் 3.3 விழுக்காடு. பத்தில் எட்டுப் பேர் தேவையான மாத்திரை ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அந்தக் கணக்கில் இந்தியாவும் இருந்தது, நகரத்தைவிடக் கிராமம் பின்தங்கியிருந்தது.

மருந்து எட்டாத விலை என்றால் பேச்சே இல்லை. ஆனால் இது நம் நாட்டிலேயே பல நிறுவனங்கள் தயாரிக்கும் மலிவான ஜெனரிக், அதாவது காப்புரிமை இல்லாத மருந்து. 1990களின் நடுவிலிருந்து மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டிய மருத்துவப் பணிகள் கழகம் நம்மிடம் இருக்கிறது. தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக்கில் இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கீடு. அதற்குள்தான் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க வேண்டும். போன ஆண்டு என்ன செலவானதோ அதையொட்டியே இந்த ஆண்டு இன்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், போடுவார்கள். எழுதாத மருந்து செலவாகாது, செலவாகாத மருந்துக்கு இன்டென்ட் ஏறாது, கையிருப்பு குறைவாக இருக்கும் மருந்தை மருத்துவர் எழுத யோசிப்பார். இந்தச் சுற்று உங்கள் ஒரு சுற்றறிக்கையில் உடையும்.

“கொலஸ்ட்ரால் பரிசோதனை இல்லாமல் எப்படி?” என்று கேட்பீர்கள். 40 வயது கடந்த சர்க்கரை நோயாளிக்குத் தொடங்க அந்தப் பரிசோதனை கட்டாயம் இல்லை. சர்க்கரை இல்லாதவர்களுக்கும், வயது, பாலினம், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், உயரத்துக்கேற்ற எடை ஆகிய ஐந்தை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிக்கும் அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் தெற்காசியாவுக்கென்றே தந்திருக்கிறது. தன்னார்வலர் கருவியால் அளந்து, மருத்துவர் முடிவு செய்யலாம். கருவுற்றவர்களுக்குக் கூடாது, கல்லீரல் நோய் இருந்தால் கவனம் வேண்டும், தசைவலி வந்தால் கேட்க வேண்டும். இவை எல்லாம் எனக்கும் தெரியும். எல்லோருக்கும் ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. இதய நோய் இல்லாதவருக்கு அதன் ரத்தக்கசிவு ஆபத்து பலனை விழுங்கிவிடலாம்.

கிராமத்தில் இது நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் 236 கிராமத் தொகுதிகளில் 50 முதல் 75 வயது வரையிலான சுமார் 6,800 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஸ்டாட்டின் உள்பட நான்கு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை ஒரு பிரிவினருக்கு ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2019இல் முடிவு வந்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

கால் பற்றியும் ஒரு வார்த்தை. பீடி குடிக்கும் ஆண்களில் பலர், கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது என்பார்கள். வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். அது காலின் தமனி அடைப்பாக இருக்கலாம். இதயத்திலும் அடைப்பு இருக்கலாம் என்பதற்கு அடையாளம் அது. பாதத்தின் மேற்புறம் இரண்டு விரல் வைத்து நாடி பார்க்கத் தன்னார்வலர்களுக்குப் பழக்கினால், கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆண்களைப் பிடிப்பதுதான் கடினம். தன்னார்வலர் வரும் நேரத்தில் அவர்கள் காட்டிலோ, கட்டட வேலைக்குப் போகும் வேனிலோ இருப்பார்கள். தொழிற்சாலைக்குத் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ போகிறதே, விவசாயக் கூலிக்கும் மாலை ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சுக்கு வரட்டும்.

சாப்பாடு உங்கள் துறையின் கையில் முழுதாக இல்லை. சோளமும் கம்பும் விளைந்த எங்கள் காடுகளில் இப்போது கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் விளைகிறது. தட்டில் ரேஷன் அரிசி. குழம்பைத் தாளிப்பது 25 ரூபாய் பாமாயில், அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெய் தாருங்கள் என்று விவசாயிகள் கேட்டுவருகிறார்கள். உணவுத் துறைக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுதலாம். நீலகிரி, தருமபுரிக்கு 2023இல் ரேஷனில் கேழ்வரகு வந்ததைப் போல இதுவும் வரலாம். அதுவரை, நாள் முழுக்கக் குனிந்து களை எடுப்பவரிடம் நடைப்பயிற்சித் துண்டறிக்கையை நீட்டுவதையாவது நிறுத்திக்கொள்ளலாம்.

ஆகவே நான் கேட்பது: 40 வயது கடந்த ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும், மாரடைப்போ பக்கவாதமோ வந்து வீடு திரும்பிய ஒவ்வொருவருக்கும், மருத்துவர் வேண்டாம் என்று எழுதினால் ஒழிய, வீட்டுக்குப் போகும் மாத்திரைப் பையில் அட்டோர்வாஸ்டாட்டினும் இருக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். அதற்குத் தனி ஒதுக்கீடு கொடுங்கள், பாஸ்புக்கின் பொதுத் தொகையில் கை வைக்க வேண்டாம். எத்தனை பேருக்கு பிரஷர் பார்த்தோம் என்று வெளியிடுவதுபோல, எத்தனை பேர் இந்த மாத்திரையைத் தொடர்ந்து எடுக்கிறார்கள் என்பதையும் வட்டாரவாரியாக வெளியிடுங்கள். மாநிலம் முழுக்க உடனே முடியாது என்றால் ஒரு வட்டாரத்தில் தொடங்குங்கள். முடியாது என்பதுதான் முடிவு என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். இருப்புக் கணக்கோ இன்டென்ட்டோ சிக்கல் என்றால் வந்து உட்கார்ந்து போட்டுக்கொடுக்க, என்னைப் போல ஓய்வு பெற்ற மருந்தாளுநர்கள் மாவட்டந்தோறும் சும்மாதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்