காது ஜவ்வு கிழிந்தால் முதல் நாளே எழுதி வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆசிரியர் அறைந்து மாணவனுக்குக் காது ஜவ்வு கிழிந்தது என்று அவ்வப்போது செய்தி வருகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிக்கவே கூடாது என்கிறது, ஆனாலும் அடி நின்றபாடில்லை. அரசு மருத்துவமனை இ.என்.டி. பிரிவில் வெகுகாலம் செவிலியராக இருந்தவள் என்பதால், அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

காதோடு சேர்த்து அறைந்தால் உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தமே ஜவ்வைக் கிழித்துவிடும். வெளியே காயமே தெரியாது. காது அடைத்துக்கொண்டு இரையும், சிலருக்கு ரத்தம் கசியும், மூக்கைச் சிந்தினால் காது வழியே காற்று வரும். உடனே எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்கள், இல்லாவிட்டால் மெடிக்கலில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி விடுகிறார்கள். தயவுசெய்து இரண்டும் வேண்டாம். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த சொட்டு, கிழிசல் வழியே போய் உள்காதையே கெடுக்கக்கூடும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு வைத்து, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலான கிழிசல்கள் மூன்று மாதத்துக்குள் தானாக மூடிவிடும். மூடாவிட்டால் காதுக்கு மேலுள்ள தசையின் உறையை எடுத்து ஒட்டும் ஆபரேஷன் இருக்கிறது. தலைசுற்றல், வாந்தி இருந்தால் மட்டும் ராத்திரி என்றும் பார்க்காமல் ஓட வேண்டும்.

தானாக மூடிவிடுகிறதே, வழக்குக்குச் சிக்கலே அதுதான். விசாரணை வரும்போது ஜவ்வு முழுசாக இருக்கும், ஓ.பி. சீட்டில் "காது வலி" என்று ஒரே ஒரு வரி இருக்கும், எதிர்த்தரப்பு "அது முன்னமே சீழ் வடிந்த காது" என்று சொன்னால் பதில் சொல்ல ஆதாரம் இருக்காது. முதல் நாளே பார்த்தால் பளிச்சென்று தெரியும்: புதுக் கிழிசலின் ஓரம் பிசிறு பிசிறாக, உறைந்த ரத்தத்தோடு இருக்கும். பழைய ஓட்டைக்கு விளிம்பு வழவழவென்று இருக்கும். எந்தக் காது, ஜவ்வில் எந்தப் பக்கம், எவ்வளவு பெரிசு, இன்னொரு காது எப்படி என்பதையெல்லாம் எழுத வேண்டும், முடிந்தால் எண்டோஸ்கோப்பில் படமும் எடுக்க வேண்டும். அன்றைக்குக் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 116-வது பிரிவில் அது கொடுங்காயம். நிரந்தரமா இல்லையா என்பதற்கு அந்த இரண்டு தாள்கள்தான் சாட்சி.

பள்ளிப் பிள்ளைகளைவிட மனைவிமார்தான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கிறார்கள். புருஷன் பக்கத்திலேயே நிற்பார், அந்தப் பெண் "படியில விழுந்துட்டேன்" என்பாள். இடது காது மட்டும் கிழிந்திருக்கும், கன்னம் சிவந்திருக்கும். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால்தான் உண்மை வரும், அப்போதுதான் ஏ.ஆர். என்ற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டிலும் சரியாக ஏறும்.

சுகாதாரத் துறை ஒன்று செய்யலாம். அவசரப் பிரிவில் ஏ.ஆர். போடும்போதே காது ஜவ்வின் படம் அச்சிட்ட ஒரு தாளை இணைத்து, மறுநாளே இ.என்.டி. டாக்டர் அதில் கிழிசலை வரைந்து கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு போடட்டும்.

— ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி