அரிப்பு நின்றால் படர்தாமரை போய்விட்டதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த படர்தாமரைக் கட்டுரை, ஈரத்துணி, இறுக்கமான உடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் களிம்பைச் சொல்லாமல் விட்டுவிட்டது. நான் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மருந்தாளுநர். வெயில் ஏறிவிட்டால் போதும், நசுங்கிய காலி டியூபை நீட்டி "இதே க்ரீம் ஒண்ணு கொடுங்க" என்பார்கள். பொடி எழுத்தைப் படித்தால், பூஞ்சைக்கான மருந்தோடு குளோபெட்டசாலும் இருக்கும். வீரியமான ஸ்டீராய்டு அது.

படையின் சிவந்த ஓரத்தை உற்றுப் பாருங்கள். பூஞ்சை வெளிப்பக்கமாகப் படர்வதும், நம் செல்கள் அதை மடக்குவதும் அங்கேதான். பூஞ்சையின் சுவரிலுள்ள பீட்டா குளுக்கானை, டெக்டின்-1 என்ற ஏற்பியால், தோலில் காவல் நிற்கும் டென்ட்ரிட்டிக் செல் கண்டுகொள்கிறது. பூஞ்சையின் துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய், நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களிடம் காட்டுகிறது. அவற்றில் ஒரு பிரிவு தோலுக்கு வந்து இன்டர்லூகின்-17 என்ற சேதிப் புரதத்தைச் சுரக்கிறது. உடனே தோல் செல்கள், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களை வரவழைக்கின்றன. பூஞ்சையைக் கொல்லும் புரதங்களையும் சுரக்கின்றன. மேல்தோலை வேகமாக உதிர்க்கின்றன.

டெக்டினிலிருந்து செல்லுக்குள் சேதி கடத்துவது கார்டு-9 என்ற புரதம். அது பிறவியிலேயே பழுதான, அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா வம்சாவளியைச் சேர்ந்த 17 பேரைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளியானது. சாதாரணப் படர்தாமரைப் பூஞ்சையே அவர்களுக்குத் தோலுக்கு அடியில் ஆழமாக இறங்கியிருந்தது. நால்வர் இறந்தே போனார்கள்.

ஸ்டீராய்டு அந்த அளவுக்குப் போகாது என்றாலும், பூசிய இடத்தில் இந்தச் சேதிப் பரிமாற்றத்தைத்தான் அடக்குகிறது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். ஆள் சந்தோஷமாகி மச்சானுக்கும் அதையே சிபாரிசு செய்வார். பூஞ்சையோ இடுப்பு, தொடை என்று இடம் பிடித்துக்கொண்டிருக்கும். ஓரம் கலைந்துபோன படை, மருத்துவருக்கே சட்டென்று பிடிபடாது. போதாததற்கு, டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத பூஞ்சையும் நம் நாட்டில் பரவிக் கிடக்கிறது.

ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. சீட்டு கேட்டால், "எதிர்க்கடையில கேக்காமலே தர்றாங்களே" என்று முறைத்துக்கொண்டு போகிறார்கள். அதுவும் பொய்யில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளுக்கு வந்து பார்க்கட்டும். டியூபின் மேல் 'ஸ்டீராய்டு கலந்தது' என்று தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் அச்சிடச் சொல்லட்டும். மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடாமல், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைத் தாங்களும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பட்டுக்கோட்டை வட்டம்.