கொள்ளிடம் என்று எழுத விடுங்கள்: மின்விளையாட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்விளையாட்டுகளை உருவாக்கி வெளியிடும் நிறுவனத்தாருக்கும், அவற்றின் மொழிபெயர்ப்புப் பிரிவுகளில் முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

விளையாட்டுகளின் மொழிப் பட்டியலில் தமிழையும் சேருங்கள் என்று கேட்டு, சென்ற மாதம் உங்களில் ஒருவருக்கு நான் எழுதிய கடிதத்துக்கு மூன்று வரியில் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, உங்கள் வட்டாரத்தில் விளையாடுவோர் ஆங்கிலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள், ஆகவே வேறு மொழியைச் சேர்க்கும் திட்டம் இப்போதைக்கு இல்லை. அவ்வளவுதான். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதே மூன்று வரியை உங்களில் யார் வேண்டுமானாலும் அனுப்பியிருக்கக்கூடும் என்பதால் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

"தேர்ந்தெடுக்கிறார்கள்" என்ற அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது. பட்டியலில் வைக்காத ஒன்றை யார் எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்?

இந்த ஜூன் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரில் உள்ள எங்கள் தெம்பனிஸ் வீட்டில் மூன்று தலைமுறை ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்தது. என் அப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1982இல் மூடப்பட்ட அந்தப் பள்ளிதான் சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். காலையில் தமிழ் முரசைத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்காமல் அவருக்குப் பொழுது தொடங்காது. ஆங்கிலம் வேலைக்கு வேண்டிய அளவு பேசுவார், நீளமாக வாசிப்பது சிரமம். என் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். தமிழ் நன்றாகப் புரியும், பேச வாய் வராது. தாத்தாவிடம் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கினால் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். இவர்கள் இருவரையும் ஒரு மணி நேரமாவது சேர்த்து உட்காரவைக்க வேண்டும் என்றுதான் விளையாட்டுகளை வாங்கினேன்.

முதலில் எடுத்தது சான்ட்ஸ் ஆஃப் சென்னார். பிரான்சில் உருவாகி 2023இல் வெளிவந்தது. வானுயர்ந்த ஒரு கோபுரம், அதன் ஒவ்வோர் அடுக்கிலும் வேறு வேறு மக்கள், வேறு வேறு எழுத்து. யாருடைய மொழியும் நமக்குத் தெரியாது. சுவரில் உள்ள குறிகளையும் மனிதர்களின் சைகைகளையும் பார்த்து இன்ன குறிக்கு இன்ன பொருள் என்று ஊகித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே மேலே ஏற வேண்டும். நான் விளையாடியவற்றில் இவ்வளவு அழகான எண்ணத்தை வேறெதிலும் கண்டதில்லை. அப்பாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. துறைமுகத்தில் பல நாட்டு மாலுமிகளோடு கையாலும் கண்ணாலும் பேசிப் பழகியவர் அல்லவா! மகன் விழித்த இடங்களில், "இந்தக் குறி கதவுக்குப் பக்கத்திலும் வருகிறது, நெம்புகோலுக்குப் பக்கத்திலும் வருகிறது, யோசித்துப் பார்" என்று எடுத்துக் கொடுத்தார். மேலடுக்குகளுக்குப் போகப்போகச் சொற்கள் கடினமாயின. ஊகம் சரியானால் அந்தக் குறியின் பொருள் உறுதியாகி எழுத்தில் வந்து விழும். அது ஆங்கிலத்தில் விழுந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "என்ன போட்டிருக்கிறான், படித்துச் சொல்" என்று பேரனைக் கேட்டார். உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மொழியை ஒரே மாலையில் கற்றுக்கொண்டவர், தாம் கண்டுபிடித்த விடையைத் தாமே படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து வெண்பா. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023இல் வெளியிட்ட விளையாட்டு இது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், அவளுடைய அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, ஆங்கிலத்துக்கு நழுவிக்கொண்டே போகும் மகன். குறிப்பேட்டில் அழிந்த வரிகளை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டுக்குழாயில் மாவும் தேங்காய்த் துருவலும் அடைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். என் மனைவி கடைசிக் காட்சியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள், திரும்பி வர நேரமாயிற்று. 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை இதுதான் பெற்றது. தமிழ்க் குடும்பத்தின் கதையை யார் வாங்குவார்கள் என்று இனிமேல் உங்களில் ஒருவரும் கேட்கக்கூடாது.

மூன்றாவதுதான் எங்கள் வீட்டையே புரட்டிப்போட்டது. பேரரசுகளைக் கட்டியெழுப்பிப் போரிடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் புதிய பதிப்பில் 2022இல் இந்திய அரசுகளுக்கென ஒரு விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர் என்றொரு நாகரிகம் உண்டு. உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கதைத்தொடர். மகன் ஒரு குடியானவன்மேல் சொடுக்கினான். அவன் தமிழில் பதில் சொன்னான். சோபாவில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு முறை சொல்லச் சொல்" என்றார். அடுத்த பத்து நிமிடம் அவர்கள் யாரோடும் போரிடவில்லை. ஒவ்வோர் ஆளாகச் சொடுக்கி என்ன பேசுகிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகன், தானாகவே, தமிழில் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்குக்கூட அவன் அப்படிப் பயின்றதில்லை.

இதைச் செய்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. உண்மையாகச் சொல்கிறேன்.

ஆனால் அந்த விளையாட்டின் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆங்கிலம் இருக்கிறது. சீனம் இருக்கிறது, அதுவும் இரண்டு எழுத்து முறைகளில். மலாய் இருக்கிறது. இந்தி இருக்கிறது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் மூன்று அதில் உண்டு. நான்காவது மொழியைப் படைவீரன் பேசுகிறான், பட்டியலில் அது இல்லை. கதைத்தொடரின் முன்னுரையும் ஒவ்வொரு கட்டத்தின் கட்டளைகளும் பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் ஓடின. மகன் விளையாட்டை நிறுத்தி நிறுத்தி, தட்டுத் தடுமாறி, தாத்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். "முற்றுகை" என்ற சொல் அவனுக்கு வரவில்லை. "எல்லாரும் சுற்றி நிற்பது" என்றான். அப்பா சொல் எடுத்துக் கொடுத்தார். இராஜேந்திரனின் கடற்படை 1025இல் கடாரம் கொண்டது, அந்தக் கடாரம் மலேசியாவின் இன்றைய கெடா. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரே நாளில் போய்விடலாம். அந்த மன்னனின் கதையைத்தான், அவனுடைய மொழியைப் பேசும் ஒரு கிழவர், பத்து வயதுப் பேரனின் அரைகுறை மொழிபெயர்ப்பில் கேட்க வேண்டியிருந்தது.

மொழிப் பட்டியலில் தமிழைச் சேருங்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

இவ்வளவுதான் நடந்தது என்றால் இந்த மடலை ஒருவேளை எழுதியிருக்க மாட்டேன். ஜூன் மாதக் கடைசியில் ஒரு வேளாண்மை விளையாட்டை வாங்கினேன். அதன் பெயர் வேண்டாம். தொடக்கத்தில் உங்கள் பண்ணைக்குப் பெயர் வையுங்கள் என்று கேட்டது. மகன் தாத்தாவைப் பார்த்தான். அப்பா யோசிக்கவே இல்லை. "கொள்ளிடம்" என்றார். அவருடைய அம்மா பிறந்த ஊர் கொள்ளிடம் ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினம் போய், ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் வந்தவர்கள் அவர்கள். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒற்றை விரலால், ஓர் எழுத்தும் தப்பாமல், அவரே தட்டினார்.

திரையில் வந்தது என்ன தெரியுமா? முதல் எழுத்தில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. கொம்புக்கும் காலுக்கும் நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். ளகரத்தின் தலைமேல் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்தில் தனியாக மிதந்தது. அப்பா தாம்தான் தவறாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்தார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மூன்றாம் முறையும் தட்டினார். பிறகு விரலை எடுத்துக்கொண்டு, "நம்முடைய எழுத்தை இது தாங்காது போலிருக்கிறது. நீயே ஏதாவது பெயர் வைத்துக்கொள்" என்றார். மகன் ஆங்கில எழுத்தில் அதே பெயரை அடித்தான். ஆங்கிலத்தில் ள கிடையாது. ஒருகாலத்தில் வெள்ளைக்காரர்கள் அந்த ஆற்றை "கொலரூன்" என்று எழுதிவைத்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அப்பா அதன்பிறகு அந்த விளையாட்டின் பக்கம் வரவே இல்லை.

இது தீர்க்க முடியாத தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்லாதீர்கள். உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழ் இடம்பெற்றுவிட்டது. எழுத்துகளை முறைப்படி கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகம் இலவசம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளிலும், ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அதுதான் தமிழைச் சரியாகக் காட்டுகிறது. நோட்டோ தமிழ் எழுத்துருக்களும் இலவசம். நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் வளரும் கோடோ விளையாட்டு இயந்திரம் 2023இல் வந்த தன் நான்காம் பதிப்பிலிருந்து இத்தகைய எழுத்துகளைத் தாங்குகிறது. இலவசமாகக் கொடுப்பவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா? 1997இல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டியது இந்த ஊர். நா. கோவிந்தசாமி தமிழைக் கணினியில் ஏற்ற இங்கே உட்கார்ந்துதான் பாடுபட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அதே ஊரில் ஒரு கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. மரியாதையாகத்தான் சொல்கிறேன், ஆனால் கோபம் வருகிறது.

சந்தை சிறியது என்பீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான், ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காட்டினர். எண்களை நான் மறைக்கவில்லை. ஆனால் சிங்கப்பூரை மட்டும் ஏன் எண்ணுகிறீர்கள்? தமிழ்நாடு, இலங்கை, மலேசியா எல்லாம் சேர்த்தால் ஏழெட்டுக் கோடிப் பேர் பேசும் மொழி இது. அவ்வளவு பேர் இல்லாத மொழிகள் பல உங்கள் பட்டியலில் இருக்கின்றன, இருக்கட்டும், மகிழ்ச்சி. இந்தியாவுக்கு இந்தியைக் கொடுத்துவிட்டோம், தெற்காசியக் கணக்கு முடிந்தது என்று படிவத்தின் ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தமிழருக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

இங்கே ஐந்து வெள்ளித் தாளை எடுத்தாலும் "சிங்கப்பூர்" என்று தமிழில் இருக்கும். பெருவிரைவு ரயில் நிலையத்தில் தமிழ் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கிறது, பிள்ளைகள் மேடையேறிப் பேசுகிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் தமிழ் நின்றுவிடுகிறது. ஒரு பிள்ளை நாள்தோறும் தானாக விரும்பி வாசிக்கும் எழுத்து எது? பாடநூலைவிட விளையாட்டுத் திரையில்தான் அவன் அதிகம் வாசிக்கிறான். அந்த வாசிப்பு முழுவதும் ஒரே மொழியில் நடக்கிறது. சிங்கப்பூரின் ஒன் நார்த் வட்டாரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனங்களும் உங்களில் உண்டு. உங்கள் அலுவலகத்திலேயே தமிழ் தெரிந்தவர் இருப்பார், ஒருமுறை அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழைச் சேர்க்கிறோம் என்று கணினியிடம் கொடுத்து வாங்கி அப்படியே ஒட்டிவிடாதீர்கள். பொது அறிவிப்புப் பலகைகளிலும் துண்டறிக்கைகளிலும் சிதைந்த தமிழைப் பார்த்துப் பார்த்து நாங்கள் சலித்துவிட்டோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், செய்தியாளர்கள், வானொலியில் மொழிபெயர்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். உரிய ஊதியம் கொடுத்து அவர்களை அமர்த்துங்கள். ஒரு புதிய விளையாட்டுக்கு எண்பது, தொண்ணூறு வெள்ளி கொடுக்கிறோம். மற்ற மொழிக்காரர்கள் கொடுக்கும் அதே விலைதான்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதன்று. தமிழ்க் குரல்கள் இப்போதே வேண்டும் என்று கேட்கவில்லை. முதலில் தமிழ் எழுத்து உடையாமல் தெரியட்டும். பிறகு மெனுவும் வசனவரிகளும் தமிழில் வரட்டும். மொழிப் பட்டியலில் தமிழைச் சேருங்கள்.

ராஜேந்திரன் கதைத்தொடரை அப்பாவும் மகனும் இன்னும் முடிக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் கட்டளைகளையும் மகன் பழைய பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் பென்சிலால் தமிழில் எழுதிவைக்கிறான், அப்பா சிவப்பு மையால் திருத்துகிறார். நேற்றுவரை பதினான்கு பக்கம் ஆகியிருக்கிறது. "எல்லாரும் சுற்றி நிற்பது" என்ற இடத்தில் அடித்துவிட்டு "முற்றுகை" என்று எழுதியிருக்கிறது. உங்களுக்கு உதவும் என்றால் அந்தக் குறிப்பேட்டின் படியை அனுப்பிவைக்கிறேன். விலை எதுவும் வேண்டாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வட்டாரத்திலிருந்து ஒரு தந்தை