போர்வை பிடித்து நின்ற ஆயாம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். முந்தாநாள் ரிசல்ட் வந்தது. என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ராத்திரியில் போனை எடுத்து நான் அழுததைக் கேட்டவர்களே நீங்கள்தானே, அதை மறுபடி எழுதப் போவதில்லை. எனக்கு வந்த சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு ஊசி போட்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கிற வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை அளவு நன்றாக இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி ஒரு ஆயாம்மாவுக்கு. பெயர் தெரியும், போட மாட்டேன், அவர் வேலைக்கு என்னால் வம்பு வேண்டாம். இதை அவர் படிக்கப் போவதுமில்லை, வைத்திருப்பது பட்டன் போன்.

பரிசோதனை அறையில் ஸ்கிரீன் இருந்தது, துணிதான் பாதி கிழிந்து தொங்கியது. கதவை யார் யாரோ திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எச்.ஐ.வி.க்கு மாத்திரை தருகிற ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒழுங்காகப் போகிறவள்தான் நான். எடை பார்ப்பார்கள், மாத்திரை விடாமல் போடறீங்களா என்று கேட்பார்கள், இடுப்புக்குக் கீழே யாரும் கேட்டதில்லை. ஆணுறுப்பை நீக்கி நிர்வாணம் ஆன திருநங்கைக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு பலருக்கு. (இன்னொரு இடத்தில் கூட்டமாக வந்து பார்த்தார்கள், அது வைத்தியம் இல்லை, வேடிக்கை. அதை விடுங்கள்.)

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தார். கட்டிலில் கிடந்த போர்வையை ஒரு உதறு உதறி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, எனக்கு முதுகைக் காட்டிக் கதவைப் பார்த்து நின்றுகொண்டார். யாரும் சொல்லவில்லை. "நீ சொவத்தப் பாத்துப் படுத்துக்க அம்மிணி, ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க." டாக்டர் பார்த்து முடிக்கிற வரைக்கும், அவிநாசித் தேர்க்கூட்டத்தில் மருமகளைத் தொலைத்துவிட்டுத் தேடிய கதையைக் கதவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணாடி வளையல் முழங்கை வரை சரிந்துவிட்டது, கை நடுங்கியது, இறக்கவில்லை. பென்சிலின் 24 லட்சம் யூனிட், இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டார்கள். போட்டவர்களுக்குத் தெரியும் அந்த வலி. "மூச்ச இழுத்து உடு சாமி" என்றார், அப்போதும் திரும்பவில்லை.

எனக்கு இருந்த புண் வலிக்கவே இல்லை. சிபிலிஸ் புண் பெரும்பாலும் அப்படித்தானாம், தானாக ஆறியும் போய்விடும், கிருமி மட்டும் உடம்பிலேயே இருந்து கண், மூளை வரைக்கும் போகலாம். புண் வாய்க்குள்ளோ ஆசனவாயிலோ இருந்தால் நமக்கே தெரியாமல் போகலாம். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கிற எச்.ஐ.வி. கிருமியின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவு வழியாக எச்.ஐ.வி. அடுத்தவருக்குப் போகாது, அந்தச் சந்தோஷத்தில் ஆணுறையை மறந்துவிடுகிறோம், சிபிலிஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், ஊசி இலவசம். நம்மைத் தடுப்பது துணியைத் தூக்கிக் காட்டுகிற அந்த அஞ்சு நிமிஷம்தான்.

அப்புறம், பொறுமையாகப் பார்த்த டாக்டருக்கும், என்னைக் கேட்காமல் என் எச்.ஐ.வி. விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று 2017-ஆம் வருஷத்துச் சட்டமே இருப்பதைச் சொல்லிக்கொடுத்த, எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்தின் ஆலோசகருக்கும், ரத்தம் எடுத்த தம்பிக்கும், பஸ்ஸுக்குப் பணம் அனுப்பிய பனியன் கம்பெனி அக்காவுக்கும், கஞ்சி வைத்துக்கொடுத்த நம் திருநங்கை ஜமாத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி. குரு அம்மாவுக்குப் பாம்படுத்தி, காலில் விழுந்து வணக்கம்.

இனி ரத்தப் பரிசோதனைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கீழேயும் பாருங்க, தொண்டையும் பாருங்க என்று நானே வாய்விட்டுக் கேட்கப் போகிறேன். திருப்பூர், அவிநாசிப் பக்கம் இருக்கிற நம் பிள்ளைகள் யாருக்காவது தனியாகப் போக ஒரு மாதிரி இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன், ஸ்கிரீன் இல்லாவிட்டால் போர்வை நான் பிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதீர்கள், ஓ.பி. கிடையாது.