உள்ளே கிடந்தால் மறந்துவிடுமா, அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

சிறையில் இருக்கும் உங்கள் மகனின் போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது, "ஜாமீனுக்கு அவசரம் இல்ல, ஆறு மாசம் உள்ளே கிடந்தா எல்லாம் மறந்துடும்" என்று போனில் சொன்னீர்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் இதையே சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் மகன் கரைத்து ஊசியில் ஏற்றிய வலி மாத்திரை, டபென்டடால், மூளையில் ஹெராயின் வேலை செய்யும் இடத்திலேயே வேலை செய்வது. நிறுத்தினால் முதல் வாரம் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூங்கவிடாத கால்வலி. அது அடங்கியதும் தெளிந்துவிட்டான் என்கிறோம். ஏக்கம் எங்கும் போகாது, அக்கா. போவது உடம்பின் தாங்கும் சக்திதான். வெளியே வந்து பழைய அளவைப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிச் சாகும் அபாயம் ஊராரைவிட 129 மடங்கு!

இதற்கு மருந்து இருக்கிறது. புப்ரெனார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. திகார் சிறையில் கொடுத்திருக்கிறார்கள். கடைசி போதை இறங்கி, நடுக்கம் தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை. முந்தினால் அவஸ்தை இரட்டிப்பாகும். நர்ஸ் முன்னால் நாக்குக்கு அடியில் வைத்து, எச்சில் விழுங்காமல், பேசாமல் கரையும்வரை உட்கார வேண்டும். பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள். கன்னத்தில் ஒதுக்கி உள்ளேயே விற்றுவிடுவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்பீர்கள். ஒரு அளவுக்கு மேல் இந்த மருந்தின் வேகம் ஏறாது. ஏக்கத்தை அடக்கும், வேலைக்குப் போக விடும். ஆனால் இதோடு சாராயமோ தூக்க மாத்திரையோ சேரவே கூடாது. கட்டிப்போட்டால் சரியாகும் என்று நம்பி 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேரைத் தீக்குக் கொடுத்த மாவட்டம் நம்முடையது. இன்னும் பூட்டைத்தான் வைத்தியம் என்கிறோம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது இந்த மருந்தைக் கேட்டுச் சிறை டாக்டருக்கு எழுதிய கடிதம் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். 2017-ஆம் வருட மனநலச் சட்டத்தில் போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பும் அடங்கும் என்பதை அதில் குறிப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மருந்து தொடங்கினால், எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்ற சீட்டை வாங்காமல் அவனை வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். அப்புறம், ஜாமீனில் வந்தால் மறுநாளே போட்டில் ஏறுவான், எனக்குத் தெரியும். மருந்து தரும் டாக்டரிடம் அவன் கடலுக்குப் போகும் கிழமைகளை முதலிலேயே சொல்லுங்கள். அதற்குத் தகுந்தபடி மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது.

அன்புடன்,
தம்பி